மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே இசைக்கலைஞர்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி (முழு ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதும் நீண்ட படைப்பு) அரங்கேறியதை ஒட்டி, குடும்ப வாட்ஸப் குழுவில் ஆரம்பித்து டீக்கடை வரைக்கும் ஒரு கேள்வி ஓடியது. எழுதியவர் ராஜா, வாசித்தவர்கள் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், சரி. நடுவில் நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கையை ஆட்டினாரே ஒருத்தர், அவருக்கு அங்கே என்ன வேலை? "அவர்தான் மியூசிக் போட்டாரோ" என்றார் ஒருவர். "சும்மா தாளம் போடுகிறார், அவர் இல்லாவிட்டாலும் வாசிப்பார்கள்" என்றார் இன்னொருவர். இரண்டுமே தப்பு. ஆனால் இப்படி நினைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நம் பேச்சில் புழங்கும் சொற்களே இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம்.

இதை விளக்க ஒரே ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். லெனார்ட் பெர்ன்ஸ்டைன், அமெரிக்கர், 1918-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் பிறந்து 1990-இல் நியூயார்க்கில் இறந்தவர். (பெயரின் கடைசி அசை 'ஸ்டைன்'தான், 'ஸ்டீன்' என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.) அவர் இசை எழுதினார், இசை நடத்தவும் செய்தார். இரண்டிலும் உச்சிக்குப் போன சிலரில் ஒருவர். அந்த இரண்டு வேலைகளும் வாழ்நாள் முழுக்க அவரைத் தம் தம் பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தன. அதனால்தான் இவை எங்கே பிரிகின்றன என்று பார்க்க அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் சொற்கள்

நடுவில் நின்று கையை ஆட்டுகிறவருக்குக் கண்டக்டர் என்று பெயர். கண்டக்டர் என்றால் நமக்கு விசிலும் டிக்கெட் கட்டும்தான். அதை விடுங்கள், பெரிய குழப்பம் 'மியூசிக் டைரக்டர்' என்ற சொல்லில் இருக்கிறது. நம் சினிமாவில் மியூசிக் டைரக்டர் என்றால் மெட்டுப் போடுகிறவர், அதாவது இசையமைப்பாளர். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராவில் அதே சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே மியூசிக் டைரக்டர் என்றால் அந்த ஆர்கெஸ்ட்ராவின் தலைமை கண்டக்டர். இந்த வருடம் எந்தெந்த இசையை வாசிப்பது, வெளியிலிருந்து யாரை அழைப்பது, காலியான இடத்துக்கு எந்த வயலின்காரரை எடுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வதில் பெரிய பங்கு அவருடையது. அவர் ஒரு ஸ்வரம்கூட எழுதியிருக்க வேண்டியதில்லை. மும்பையில் பிறந்த ஜுபின் மேத்தா 1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக் என்ற ஆர்கெஸ்ட்ராவின் மியூசிக் டைரக்டராக இருந்தார். அவர் பெயர் பெற்றது முழுக்க முழுக்க நடத்துவதில்தான், இசையமைப்பில் இல்லை.

அதே நாற்காலியில் 1958 முதல் 1969 வரை உட்கார்ந்திருந்தவர் பெர்ன்ஸ்டைன். அமெரிக்காவிலேயே பிறந்த ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் முறை.

ஆக, இசையமைப்பாளர் எழுதுகிறவர், கண்டக்டர் எழுதியதை நடத்துகிறவர். மியூசிக் டைரக்டர் என்பது கண்டக்டருக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா தருகிற பதவியின் பெயர். இந்தக் கட்டுரை முழுக்க இந்த அர்த்தத்தில்தான்.

தேரை இழுப்பவர்களும் துண்டை வீசுபவரும்

தேர்த் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். வடத்தைப் பிடித்திருக்கும் நூற்றுக்கணக்கான பேருக்குத் தேரும் சரியாகத் தெரியாது, திருப்பமும் தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். தேர்மேல் நின்று துண்டை வீசிக் காட்டுகிறவர் ஒரு இம்மிகூட இழுப்பதில்லை. ஆனால் அவர் கை எங்கே போகிறது என்று பார்த்துத்தான் இத்தனை பேரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள்.

முழு ஆர்கெஸ்ட்ரா என்பது சுமார் 100 பேர். இவர்கள் ஒருவரை ஒருவர் காதால் கேட்டுச் சேர்ந்து வாசித்தால் போதாதா என்று கேட்கலாம். நாலு பேர் வாசிக்கும் கச்சேரியில் போதும். 100 பேர் பரந்து உட்கார்ந்திருக்கும் மேடையில் போதாது, அதற்குக் காரணம் வெறும் பௌதிகம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி 17 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் போய்ச் சேர ஒரு நொடியில் 20-இல் ஒரு பங்கு ஆகும். இது பெரிய விஷயமா? நிமிடத்துக்கு 150 தாள அடி வேகத்தில், ஒரு தாள அடிக்கு நாலு ஸ்வரமாக வாசிக்கும்போது ஒரு ஸ்வரத்துக்குக் கிடைக்கும் நேரமே நொடியில் 10-இல் ஒரு பங்குதான். காதை மட்டும் நம்பினால் பின்வரிசை டிரம்பெட்காரர் அரை ஸ்வரம் பின்தங்கிப் போவார், அவரைக் கேட்டு வாசிப்பவர் இன்னும் பின்தங்குவார். கை அசைவோ வெளிச்சமாகப் போகிறது, எல்லோர் கண்ணுக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் நடுவில் ஒரு கை தேவைப்படுகிறது.

நம்மிடம் இதற்கு மிக நெருங்கிய சொந்தக்காரர் நட்டுவனார். பாட்டு, மிருதங்கம், ஆடுபவரின் கால் எல்லாவற்றையும் பக்கவாட்டில் உட்கார்ந்து பிடித்து வைத்திருப்பவர் அவர்தான். ஒரு வித்தியாசம், நட்டுவனாரின் தாளமும் ஜதியும் நம் காதில் விழும். கண்டக்டர் சத்தமே எழுப்புவதில்லை. (பெர்ன்ஸ்டைன் மேடையில் குதிப்பார், முனகுவார், சில பதிவுகளில் அவர் கால் தரையில் விழும் சத்தம்கூடக் கேட்கும். அது வேறு கதை.)

கை எப்போதும் ஒரு அடி முன்னால்

"சும்மா தாளம் போடுகிறார்" என்பது ஏன் தப்பு என்று இப்போது பார்க்கலாம்.

கச்சேரியில் பாடகர் தொடையில் தட்டும் தாளம் நடந்துகொண்டிருக்கும் கணத்தைக் காட்டுகிறது. கண்டக்டரின் கை இனி வரப்போகும் கணத்தைக் காட்டுகிறது. வீட்டில் பீரோவை நாலு பேர் தூக்கும்போது, தூக்குகிற அந்த நொடியில் கத்தினால் பிரயோஜனம் இல்லை. அதற்கு முன் ஒருவர் மூச்சை இழுத்து "ஐ..." என்று ஆரம்பிக்க வேண்டும், அந்த இழுப்பை வைத்தே மற்றவர்கள் 'லசா' எப்போது வரும் என்று கணித்துக்கொள்கிறார்கள். கண்டக்டர் கையை மேலே தூக்குவதும் அதேதான். அதற்கு அப்பீட் என்று பெயர். பிறகு கை கீழே இறங்கி இசை ஒலிக்கிற இடம் டவுன்பீட். புல்லாங்குழலும் டிரம்பெட்டும் வாசிப்பவர்கள் அப்பீட்டோடு சேர்ந்து உண்மையாகவே மூச்சை இழுக்கிறார்கள். அந்த ஒரு தூக்கலிலேயே வேகம், சத்தம், குணம் மூன்றும் தெரிந்துவிட வேண்டும். பஞ்சு மாதிரி எழும்பும் கைக்கும் சம்மட்டி மாதிரி எழும்பும் கைக்கும் ஒரே ஆர்கெஸ்ட்ரா இரண்டு விதமான ஒலியைத் தரும்.

அதற்கப்புறம் வலது கை நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. நாலு அடித் தாளமென்றால் கீழே, இடது, வலது, மேலே. மூன்றென்றால் கீழே, வலது, மேலே. இடது கை மற்ற விஷயங்களுக்கு. "நீ குறை", "நீ இன்னும் பாடு", 40 தாள அடி சும்மா காத்திருந்த சிம்பல்காரரைப் பார்த்து "இப்போது நீ". இசையின் வேகத்துக்கு டெம்போ என்று பெயர். டெம்போவை மாற்றாமல் பிடித்து வைப்பது சுலபம், கடிகாரம்கூட அதைச் செய்யும். எங்கே கொஞ்சம் இளக்க வேண்டும், இளக்கியதை எப்போது திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதுதான் கண்டக்டரின் வேலை.

இதில் பெரும்பகுதி கச்சேரிக்கு முன்பே முடிந்துவிடும். அமெரிக்காவில் பொதுவாக ஒரு நிகழ்ச்சிக்கு நாலு ரிஹர்சல்தான் கிடைக்கும். அதற்குள் சமநிலை, உச்சரிப்பு, வேகம் எல்லாவற்றையும் பேசி முடிக்க வேண்டும். பெர்ன்ஸ்டைன் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு ஹைடனின் 88-ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியை நடத்தும் ஒரு பதிவு இருக்கிறது, தேடிப் பாருங்கள். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு புருவம், கண், உதடு இவற்றை மட்டும் வைத்து முழுப் பகுதியையும் நடத்துவார். விளையாட்டு மாதிரி இருக்கும். ரிஹர்சலில் எல்லாம் தீர்ந்துபோனதால்தான் அந்த விளையாட்டு அவருக்குச் சாத்தியமானது.

சுருக்கமாக, கண்டக்டர் கண்ணுக்குத் தெரியும்படி நேரத்தைக் காட்டுகிறார், அதையும் ஒரு அடி முன்கூட்டியே காட்டுகிறார். காட்டுவதற்கு முன்னால் ரிஹர்சலில் 100 பேரையும் ஒரே மனநிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

ரிஹர்சலே இல்லாமல் ஒரு மதியம்

சரி, ரிஹர்சல் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால்?

1943 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. பெர்ன்ஸ்டைனுக்கு வயது 25. நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் உதவி கண்டக்டர் வேலை, சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உதவி கண்டக்டர் என்றால் எல்லா இசையையும் படித்து வைத்துக்கொண்டு, கூப்பிடப்படாமலே வருடத்தை ஓட்டுகிற வேலை. அன்றைய நிகழ்ச்சியை நடத்த வேண்டிய புரூனோ வால்ட்டருக்குக் காய்ச்சல். தலைமை கண்டக்டர் ராட்ஜின்ஸ்கியோ ஊரைவிட்டுத் தொலைவில் தன் பண்ணையில் இருந்தார். காலையில் இந்த இளைஞருக்கு போன் வருகிறது, மதியம் கார்னகி ஹாலில் நீதான் நடத்த வேண்டும், நாடு முழுக்க ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு.

இதில் எனக்குப் பிடித்த விவரம் முந்தின நாள் இரவு. சனிக்கிழமை மாலை டவுன் ஹாலில் ஜென்னி டூரெல் என்ற பாடகி, பெர்ன்ஸ்டைன் எழுதிய சில பாடல்களை நியூயார்க் மேடையில் பாடியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் விருந்து விடிய விடிய நடந்து, தூக்கமில்லாத தலையோடுதான் போனை எடுத்தார். சனிக்கிழமை இசையமைப்பாளர், ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர். அடுத்த 47 வருடங்களும் அவருக்கு இப்படித்தான் போகப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

காய்ச்சலோடு படுத்திருந்த வால்ட்டர், ஸ்கோரை வைத்துக்கொண்டு சிக்கலான இடங்களைக் கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் தயாரிப்பு. முதல் உருப்படி ஷூமானின் மான்ஃப்ரெட் ஓவர்ச்சர் (ஓவர்ச்சர் என்றால் முன்னுரை மாதிரியான இசை), அது தொடங்கும் விதமே ஒரு கண்ணி. முதல் அடியில் யாரும் வாசிப்பதில்லை. அடி விழுந்த பிறகு, அதை ஒட்டி மூன்று வலுவான கார்டுகள் வருகின்றன. கார்டு என்றால் பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது. நம் பாஷையில் சொன்னால் அனாகத எடுப்பு, தாளம் முதலில், இசை பிறகு. ஒரு வித்துவான் தனியாக இந்த எடுப்பை எடுப்பது பழக்கம்தான். 100 பேர், இதுவரை கையைப் பார்த்தே பழகாத ஒருவரின் வெற்று அடியைப் பார்த்து, அடுத்த அரை இடத்தில் ஒன்றாக விழ வேண்டும் என்பது வேறு சமாச்சாரம். அப்பீட்டில் துளி சந்தேகம் இருந்தாலும் சிதறிவிடும்.

சிதறவில்லை. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. ஒரே நாளில் பிரபலம்.

ஆனால் "அதிர்ஷ்டம் அடித்தது" என்று மட்டும் இதை எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கு முன்பே ஹார்வர்டில் படித்து முடித்து, பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப் பள்ளியில் ஃபிரிட்ஸ் ரைனரிடம் நடத்தும் கலையைக் கற்று (ரைனரிடம் ஸ்கோர் தெரியாமல் போய் நிற்கவே முடியாது என்பார்கள்), 1940 முதல் டாங்கிள்வுட் கோடைப் பயிற்சியில் கண்டக்டர் செர்கே குசெவிட்ஸ்கியின் செல்லப் பிள்ளையாக இருந்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் பல வருடங்களாக ரிஹர்சல் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்வேன்.

ஸ்கோர் என்றால் என்ன, அதை எழுதுவது என்றால் என்ன

ஸ்கோர் என்ற சொல்லை மேலே போகிறபோக்கில் பயன்படுத்திவிட்டேன். ஒரு இசையில் ஒவ்வொரு வாத்தியமும் எந்தக் கணத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்பதை ஒன்றன்கீழ் ஒன்றாக, வரி வரியாக எழுதிய முழுப் பிரதிதான் ஸ்கோர். வாசிப்பவர் ஒவ்வொருவரின் முன்னாலும் அவர் வரி மட்டும்தான் இருக்கும். முழுதும் இருப்பது கண்டக்டரிடம் மட்டுமே.

இதைப் பெர்ன்ஸ்டைன் காட்டிய விதத்தைவிட நன்றாக யாராலும் காட்ட முடியாது. 1954-இல் ஆம்னிபஸ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் பக்கத்தை ஸ்டுடியோ தரை முழுக்கப் பெரிதாக வரைந்து வைத்தார். ஒவ்வொரு வாத்தியக்காரரையும் தரையில் அவரவர் வரியில் நிற்க வைத்தார். பிறகு, பீத்தோவன் அந்தத் தொடக்கத்துக்கு யாரையெல்லாம் வேண்டாமென்று விட்டாரோ அவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். கடைசியில் நின்றவர்கள் தந்தி வாத்தியக்காரர்களும் கிளாரினெட்காரர்களும் மட்டும். உலகத்திலேயே பிரபலமான அந்த நாலு ஸ்வரங்கள் இவ்வளவு பேரால்தான் வாசிக்கப்படுகின்றன. பீத்தோவன் எழுதி எழுதி அடித்துப்போட்ட வேறு வடிவங்களையும் ஆர்கெஸ்ட்ராவை வைத்து வாசித்துக் காட்டினார், அவை ஏன் சப்பென்று இருக்கின்றன என்று கேட்டாலே புரியும்.

மெட்டு தோன்றுவது இசையமைப்பில் ஒரு சிறு பங்கு. அந்த மெட்டு யார் கையில், எந்த உயரத்தில், யார் சும்மா இருக்கும்போது ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் மீதி, அதற்கு ஆர்கெஸ்ட்ரேஷன் என்று பெயர்.

ஒரு காலத்தில் எழுதியவரேதான் நடத்துவார். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லி, கனமான கோலால் தரையைத் தட்டித் தாளம் காட்டும்போது தன் காலிலேயே இடித்துக்கொண்டு, புண் புரையோடி 1687-இல் இறந்தே போனார். 1824-இல் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியபோது, காது கேட்காத பீத்தோவன் மேடையில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார், வாசித்தவர்களோ பக்கத்தில் இருந்த கண்டக்டர் உம்லாவ்ஃபின் கையைத்தான் பார்த்தார்கள். அவரைப் பார்க்காதீர்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாராம் உம்லாவ்ஃப். வேலை இரண்டாகப் பிரிவதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் காட்சி இல்லை. ஆர்கெஸ்ட்ரா பெரிதாகிக்கொண்டே போனது, இறந்துபோன மேதைகளின் இசையைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கமும் வந்தது. எழுதியவர் கல்லறையில் இருக்கும்போது நடத்த வேறொருவர் வேண்டுமே. இப்படித்தான் கண்டக்டர் ஒரு தனித் தொழிலானார்.

எழுதிய பெர்ன்ஸ்டைன்

1943-இன் அந்த ஞாயிறு முடிந்த அடுத்த வருடமே எழுத்தும் வெடித்தது. 1944 ஜனவரியில் முதல் சிம்பொனி 'ஜெரமையா' பிட்ஸ்பர்க்கில், அவரே நடத்தி. ஏப்ரலில் ஒரு பாலே நடனத்துக்கு இசை. டிசம்பரில் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் 'ஆன் தி டவுன்' என்ற இசை நாடகம். குசெவிட்ஸ்கிக்கு இந்தக் கடைசி விஷயம் பிடிக்கவே இல்லை. பெரிய கண்டக்டராக வரவேண்டிய பையன் பிராட்வேயில் கூத்தடிப்பதா என்ற கோபம். குருவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, 1951-இல் அவர் இறக்கும்வரை பெர்ன்ஸ்டைன் இன்னொரு முழு பிராட்வே இசை நாடகத்தைத் தொடவில்லை.

பிறகு வந்ததுதான் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1957 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் மேடையேறியது. இதில் இரண்டு நுணுக்கங்களை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம் காதுக்கு அவை எளிதாகப் பிடிபடும்.

'மரியா' பாடலில் அந்தப் பெயரைப் பாடும் மூன்று ஸ்வரங்களைக் கேளுங்கள். ச, பிரதி மத்திமம் (ம-வின் இரண்டு வடிவங்களில் மேலே இருப்பது), ப. ச-விலிருந்து பிரதி மத்திமத்துக்கு உள்ள அந்தத் தாண்டலை மேற்கே டிரைடோன் என்பார்கள், 12 ஸ்வரஸ்தானங்களைச் சரி பாதியாக வெட்டும் இடம். கல்யாணி ராகத்தில் ஊறிய நமக்கு அது பழகிய வீடு. மேற்கத்தியக் காதுக்கோ எங்கேயும் உட்கார முடியாமல் தவிக்கும் இடைவெளி. அந்தத் தவிப்பு அரை ஸ்வரம் மேலே ஏறி பஞ்சமத்தில் போய் அடங்குகிறது, காதல் அங்கே தெரிகிறது. அடங்காமல் விட்டால் அதே இடைவெளிதான் நாடகத்தில் தெருச் சண்டையின் ஒலி. நாடகம் முடியும் இடத்தில் மேலே சாந்தமான சி மேஜர் கார்டு ஒலிக்க, அடியில் பேஸ் வாத்தியங்கள் எஃப் ஷார்ப்பைத் தொட்டு உறுத்தும். ச-வுக்குக் கீழே அதே பிரதி மத்திமம்.

இன்னொன்று 'அமெரிக்கா' பாடலின் நடை. தகிட தகிட தக தக தக, சொல்லிப் பாருங்கள். 12 எண்ணிக்கையை ஒரு தடவை மும்மூன்றாகவும் உடனே இரண்டிரண்டாகவும் மாற்றி மாற்றி வெட்டுகிறது. நமக்கு இது கணக்கே இல்லை. 1957-இல் பிராட்வே நடனக்காரர்களுக்கு அது கால் வாரிவிடும் கணக்கு.

ஒரு விஷயத்தைப் பலர் ஒன்று மறைக்கிறார்கள், இல்லை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். அந்த நாடகத்தின் ஆர்கெஸ்ட்ரேஷனில் சிட் ராமின், இர்வின் கோஸ்டல் என்ற இருவர் அவரோடு உழைத்தார்கள். நேரம் நெருக்கும் பிராட்வேயில் அதுதான் வழக்கம். பெர்ன்ஸ்டைன் எது யார் கையில் என்று உட்கார்ந்து பேசி, அவர்கள் எழுதி வந்ததைத் திருத்தி ஒப்புக்கொண்டார். ஆகவே "வேறு யாரோ எழுதியது" என்பதும் சரியில்லை, "ஒவ்வொரு புள்ளியும் அவர் கையெழுத்து" என்பதும் சரியில்லை.

அப்படியானால் யார் சொல்வது சட்டம்?

எழுதியவர் ஸ்கோரில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்றால் கண்டக்டர் முடிவு செய்ய என்ன மிச்சம்? நிறைய. "வேகமாக" என்று எழுதியிருக்கும், எவ்வளவு வேகம்? "உரக்க" என்றிருக்கும், எதைவிட உரக்க?

1962 ஏப்ரல் 6 அன்று கார்னகி ஹாலில் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ. கான்செர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. பியானோவில் கனடாக்காரர் கிளென் கூல்ட், அவர் கேட்ட டெம்போ வழக்கத்தைவிட மிக மெதுவாக இருந்தது. வாசிப்பதற்கு முன் பெர்ன்ஸ்டைன் பார்வையாளர்களிடம் திரும்பி, இதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஆனாலும் இவரைப் போன்ற கலைஞர் இப்படி நினைக்கிறார் என்றால் கேட்கத் தகுந்தது என்ற பொருளில் பேசினார். கான்செர்ட்டோவில் யார் முதலாளி, வாசிப்பவரா கண்டக்டரா என்ற கேள்வியை அவரே எழுப்பினார். சபை சிரித்தது. பல விமர்சகர்கள் அவர் அப்படிப் பேசியது அநாகரிகம் என்றார்கள். எனக்கு அது நாணயமான பேச்சாகத்தான் படுகிறது. ஒரே ஸ்கோர், ஒரு ஸ்வரம் மாறவில்லை, இருந்தும் இரண்டு மேதைகள் அதில் இரண்டு வேறு இசைகளைக் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்கோர் என்பது முடிந்த இசை இல்லை, அது விதைநெல் மாதிரி. யார் வயலில் எப்படி முளைக்கிறது என்பதில் கண்டக்டருக்கும் பங்கு உண்டு, அதனால்தான் ஒரே சிம்பொனிக்கு நூறு பதிவுகள் விற்கின்றன.

இரண்டு வேலைக்கு ஒரே நாள்காட்டி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெர்ன்ஸ்டைன் இரண்டையும் செய்தார் என்று சொல்லும்போது, காலையில் இதையும் மாலையில் அதையும் செய்தார் என்பது போல ஒரு படம் நம் மனதில் வருகிறது. உண்மையில் இவை ஒன்றின் நேரத்தை ஒன்று தின்னும் வேலைகள். நடத்துவது கூட்டத்தோடு வாழ்வது, ரிஹர்சல், பயணம், பதிவு, விருந்து, மறுநாள் இன்னொரு ஊர். எழுதுவதற்கு மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அதோடு ஒரு சிக்கல், ராத்திரி வரை பிராம்ஸை நடத்தியவன் தலைக்குள் காலையிலும் பிராம்ஸ்தான் ஓடிக்கொண்டிருப்பார், அவரை வெளியேற்றாமல் சொந்த ஸ்வரம் எப்படி வரும்?

கணக்கைப் பாருங்கள். 1957-க்குள் இரண்டு சிம்பொனிகள், இரண்டு பாலேக்கள், ஒரு சினிமா இசை, நாலு பிராட்வே இசை நாடகங்கள். மியூசிக் டைரக்டராக இருந்த 11 வருடங்களில்? பெரிய படைப்பு என்று சொல்ல இரண்டே இரண்டு, 1963-இல் முடிந்த மூன்றாம் சிம்பொனி 'கடிஷ்', 1965-இன் 'சிசெஸ்டர் சாம்ஸ்'. அந்த இரண்டாவதும் 1964-65 சீசனில் எழுதுவதற்கென்றே விடுப்பு எடுத்ததால் பிறந்தது. அந்த விடுப்பிலும் ஆசைப்பட்டு ஆரம்பித்த ஒரு நாடகத் திட்டம் பாதியில் நின்றுபோக, அதில் எழுதியவற்றையும் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் வெட்டி எடுத்த ஒரு துண்டையும் இதற்குள் பயன்படுத்திக்கொண்டார். தச்சர் பட்டறையில் எந்தப் பலகையும் வீணாவதில்லை.

அந்த 11 வருடங்கள் வீண் என்று சொல்லிவிட முடியாது. இளையோருக்கான கச்சேரிகள் என்று 1958 முதல் 1972 வரை 53 தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், ஒரு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகளுக்கு சிம்பொனி என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தவை. அப்புறம் மாலர். குஸ்டாவ் மாலர் அவருக்கு முன்னோடி, வியன்னா ஓப்பராவை (ஓப்பரா என்றால் பாட்டாலேயே நடக்கும் நாடகம்) நடத்திக்கொண்டு, கோடை விடுமுறையில் மட்டும் ஏரிக்கரைக் குடிசையில் உட்கார்ந்து சிம்பொனிகளை எழுதியவர். கடைசிக் காலத்தில் அதே நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தியவர். 1960-களின் தொடக்கம் வரை அவர் சிம்பொனிகள் இன்றைய அளவுக்கு வாசிக்கப்படவில்லை. பெர்ன்ஸ்டைன் அவற்றை வரிசையாகப் பதிவு செய்தார், பிறகு மாலரே ஒருகாலத்தில் நடத்திய வியன்னா பில்ஹார்மோனிக்கிடமே போய், இது உங்கள் இசை என்று ரிஹர்சலில் சண்டை போட்டு வாசிக்க வைத்தார். மாலருக்காக வேறு பலரும் உழைத்தார்கள் என்பது உண்மை, ஆனால் எழுதுகிறவனின் அவஸ்தை தெரிந்த ஒரு கண்டக்டர் உள்ளே புகுந்து வாசித்த மாதிரி அது இருந்தது.

1969-இல், எழுத நேரம் வேண்டும் என்று சொல்லிப் பதவியை விட்டார். எழுதவும் செய்தார். 1971-இல் வாஷிங்டனின் கென்னடி மையத் திறப்புக்கு 'மாஸ்', 1983-இல் ஒரு ஓப்பரா. நடுவே 1976-இல் பிராட்வேயில் போட்ட ஒரு நாடகம் 7 காட்சிகளோடு மூடிவிட்டது. ஆனால் வியன்னா கூப்பிடும், இஸ்ரேல் கூப்பிடும், இவருக்கும் ஆட்கள் நடுவே நிற்காமல் இருக்க முடியாது. பதவி போனது, பயணம் போகவில்லை. நாற்காலிதான் தடை என்று அவர் நினைத்தார், தடை அவருக்குள்ளேயே இருந்தது என்பது என் கணிப்பு.

1989 கிறிஸ்துமஸ் அன்று, பெர்லின் சுவர் திறந்த சில வாரங்களில், கிழக்கு பெர்லினில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். அதில் 'ஆனந்தம்' என்று வரும் ஜெர்மன் சொல்லை 'விடுதலை' என்று மாற்றிப் பாட வைத்தார். கண்டக்டரின் எல்லையைத் தாண்டி இசையமைப்பாளரின் பேனாவையே எடுத்துக்கொண்ட கணம். தப்பு என்பவர்களும் உண்டு.

1990 ஆகஸ்ட் 19, டாங்கிள்வுட்டில் கடைசிக் கச்சேரி. மூச்சு வாங்கியது, பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி நடுவே இருமல் வந்து கை நின்றுபோன சில கணங்களில் ஆர்கெஸ்ட்ரா தானே ஓடியது. அக்டோபர் 9-இல் இனி நடத்தப்போவதில்லை என்று அறிவித்தார், மிச்ச நாட்களில் எழுதலாம் என்று இருந்தார். அக்டோபர் 14-இல் இறந்துபோனார்.

புரூக்ளினில் கிரீன்வுட் கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நெஞ்சின் மேல் ஒரு ஸ்கோரைத் திறந்து வைத்திருந்தார்கள். மாலரின் ஐந்தாம் சிம்பொனி.